எரேமியா 29-ம் கொல்லிமலைப் பாட்டியும்

கிறிஸ்தவ வீடுகளில் அதிகம் தொங்கும் வசனம் எது என்று ஒரு போட்டி வைத்தால் எரேமியா 29:11 முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடும். புது வருட ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, காலண்டர், கல்யாணப் பத்திரிகை, செல்போன் கவர் என்று எங்கும் அது உண்டு. உங்களைக் குறித்து ஆண்டவருக்கு நல்ல எண்ணம்தான் இருக்கிறது, நீங்கள் எதிர்பார்க்கும் முடிவு வரும் என்பது அதன் சாரம். செமஸ்டர் ரிசல்ட் வருவதற்கு முந்தின இரவில் எங்கள் வகுப்பிலும் இது சுற்றி வரும் :)

அதில் தப்பில்லை. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் ஒரு வரி. நமக்கு வந்த கடிதத்தில் ஒரு வரியை மட்டும் கத்தரித்து ஒட்டிவிட்டு மீதியைக் குப்பையில் போடுவோமா? வேதத்திலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுக்கும்போது நாம் செய்யும் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து. ஆறுதலை எடுத்துக்கொள்கிறோம், வேலையை விட்டுவிடுகிறோம்.

கடிதத்தில் என்ன இருக்கிறது?

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் தொழில் தெரிந்தவர்களையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். எரேமியா கடிதம் எழுதியது அந்த ஜனங்களுக்கு. 5-ம் வசனத்திலிருந்து 7-ம் வசனம் வரை படித்துப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்தவர்களின் ஊர் நன்றாயிருக்க உழையுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். 10-ம் வசனத்தில் காலக்கெடுவும் சொல்கிறார்: எழுபது வருடம். அதற்குப் பிறகுதான் நம் 11-ம் வசனம். கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை என்று அதற்கு அர்த்தம்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அவர் தீர்க்கதரிசனம் சொன்னார். இரண்டு வருடத்தில் இரட்டிப்பு என்று ஒருவரும், எழுபது வருடம் பொறு என்று ஒருவரும் சொன்னால் கூட்டம் யார் பக்கம் போகும்? சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் அக்கவுன்ட்ஸ் பாடத்தில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒன்று உண்டு. வியாபாரம் நாளையும் தொடர்ந்து நடக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கு எழுத வேண்டும். நாளைக்கே கடையை மூடப்போகிறோம் என்றால் மெஷினுக்கு இன்று என்ன விலை கிடைக்கும் என்றுதான் பார்ப்போம். பல வருடம் நடக்கும் என்றால் அது எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்ப்போம். அனனியா கடையை மூடும் கணக்கு எழுதினார், எரேமியா தொடர்ந்து நடக்கும் கணக்கு எழுதினார்.

மேலே ஒரு மலை

இதை வாழ்ந்து காட்டியவர்களைத் தேடித் தூரம் போக வேண்டாம். எங்கள் புளியஞ்சோலைக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஆற்றில் குளித்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். தலைக்கு மேல் நிற்கும் கொல்லிமலையில் என்ன நடந்தது என்று அநேகருக்குத் தெரியாது.

மலையின் மறுபக்கம் சேந்தமங்கலத்திலிருந்து 1913-ல் ஒரு இளம் தம்பதி மேலே ஏறினார்கள். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட், மனைவி ஈவ்லின். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு போகிறது. அன்று கால்நடை அல்லது டோலிதான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் அங்கே தங்கத் தயங்கிய காலம் அது.

ஜெஸ்ஸி கட்டடத் தொழில் தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்தவர். வாழவந்தியில் அவர்கள் எரேமியாவின் பட்டியலை அப்படியே செய்தார்கள். வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்போது அங்கே நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. கிருமியுள்ள தண்ணீரைக் குடித்தால் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து காலில் கொப்புளம் வந்து, அதிலிருந்து நீளமான புழு வெளியே வரும். இழுத்தால் அறுந்து புண் பெரிதாகும். அதனால் ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைத்தால் புழு அங்கே குஞ்சுகளை விட்டுவிடும். படியிறங்கி மொள்ளும் கிணறு என்றால் ஊர் முழுக்கப் பரவும். ஜெஸ்ஸி புழுவைப் பொறுமையாகச் சுற்றி எடுத்ததோடு நிற்காமல், குடிதண்ணீரில் கால் வைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். இந்த நோய்க்கு இன்றும் தடுப்பூசி கிடையாது. தண்ணீரைக் காப்பாற்றியே 2000-ல் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டது. பட்டணத்தின் நலனைத் தேடுவது என்றால் ஒரு மலை ஊரில் அது கிணற்றடியில் தொடங்குகிறது.

அவர்கள் எதிர்பார்த்த முடிவு சீக்கிரம் வந்ததா? இல்லை. 1929-ல் மலேரியா முற்றி ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்தன.

ஈவ்லின் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வைத்தது. 1947-ல் வயதாகிவிட்டது, போதும் என்றது. மலையில் ஒரே ஒரு வருடம் என்று கேட்டு வாங்கினார். அது முடிந்ததும் மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தன் பொறுப்பில் மலையிலேயே தங்கிவிட்டார். கொல்லிமலை போதாதென்று பக்கத்து மலைகளுக்கும் போனார். கால் தளர்ந்த பிறகு இரண்டு கையிலும் கம்பு ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

மகன் என்ன ஆனார்? அவர்தான் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அப்பாவைப் போல அவரும் முதலில் கட்டடத் தொழில் கற்றவர். 1929-ல் ஜெஸ்ஸியின் கணக்கை மூடிப் பார்த்தால் நஷ்டம். வேலூரையும் சேர்த்துப் பார்த்தால்?

நமக்கு என்ன?

1. இருக்கும் இடத்தில் வேர் விடுங்கள். நல்ல வேலை கிடைத்த பிறகு, வெளிநாடு போன பிறகு உதவி செய்வேன் என்று தள்ளிப்போடுவது அனனியாவின் கணக்கு. ஹாஸ்டல் மூன்று வருடம்தான் என்றாலும் அதுவும் நம் பட்டணம்தான்.

2. நலன் தேடுவதற்கு நிபந்தனை போடாதீர்கள். 'இது மதம் மாற்றும் வேலைதானே' என்று என் இந்து நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பிராண்ட் தம்பதி சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் சில வருடங்கள் யாரும் அவர்கள் பக்கம் சேரவில்லை, அப்போதும் மருந்து நிற்கவில்லை. எரேமியாவும் பாபிலோன் மனம் மாறினால் அதன் நலனைத் தேடுங்கள் என்று எழுதவில்லை. உதவியைத் தூண்டிலாக்குகிற கிறிஸ்தவர் யாராயிருந்தாலும் 7-ம் வசனத்துக்கு விரோதமாகத்தான் நிற்கிறார்.

3. பலனை உங்கள் ஆயுளுக்குள் அடைக்காதீர்கள். எழுபது வருடம் என்பது ஒரு மனிதனின் வேலைநாட்களைவிட நீளம். நட்டவர் ஒருவர், பறிப்பவர் இன்னொருவராக இருக்கலாம்.

எல்லோரும் மலை ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயத்தில் இருப்பவருக்கு 11-ம் வசனம் ஆறுதல்தான், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அடுத்த புது வருட அட்டையில் அது வந்தால் வேதாகமத்தை ஒருமுறை திறந்து 5-ம் வசனத்திலிருந்து படியுங்கள். வாக்குத்தத்தம் உங்களுக்கு என்றால், அதற்கு முன்னால் இருக்கும் வேலையும் உங்களுக்குத்தான்.