மஞ்சப்பையில் மருத்துவ வரலாறு

மாரிகுப்பம் ரயிலில் ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூரு மருத்துவமனைக்குப் போகும் முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் மடியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஓரம் சுருண்ட எக்ஸ்ரே, மை மங்கிய சீட்டுகள். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. நுரையீரலில் படிந்த தூசி போகவில்லை.

இப்படிப் பையில் அலையும் மருத்துவ வரலாற்றைக் கணினிக்கு மாற்ற, அமெரிக்கா 2009இல் சட்டமியற்றி, மின்னணுப் பதிவேட்டுக்கு மாறிய மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை தந்தது. மாறாதவர்களுக்குப் பின்னாளில் பிடித்தமும் செய்தது. இங்கே 2021இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கமும் ‘ஆபா’ எனும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணும் நாடு முழுவதற்கும் வந்தன. 2023இல் ஊக்கத்தொகையும் தொடங்கியது. ஆனால், 2018இல் எழுதப்பட்ட டிஜிட்டல் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வரைவோடு நின்றுவிட்டது.

எண் மட்டும் போதாது. சிறு கிளினிக்குகளுக்கு உதவியும், நோயாளிக்குத் தமிழிலும் கன்னடத்திலும் புரியும் ஒப்புதல் படிவமும் சட்டப்படி உறுதியாக வேண்டும். பை தொலையலாம், நோயின் வரலாறு தொலையக் கூடாது.