பிளம்ஸ் தோட்டமும் விலை போகாத மரமும்

நல்ல விலை போகும் ஒரே பிளம்ஸ் ரகத்தைத் தோட்டம் முழுக்க நட்டுவிட்டால் லாபம் கொட்டும் என்று காகிதத்தில் யாரும் கணக்குப் போடலாம். நாலு வருடம் காத்திருந்தால் மரம் நிறையப் பூக்கும். பழம் மட்டும் வராது!

காரணம் எளிது. ஜப்பான் வகை பிளம்ஸ் ரகங்களில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. மகரந்தக் குழாய் சூலகத்தை அடையும் முன்பே பாதி வழியில் நின்றுவிடும. ஒரே ரகத்தின் மரங்கள் எல்லாம் ஒட்டுக்கட்டிப் பெருக்கியவை, அதாவது மரபில் ஒரே மரம்தான். ஆயிரம் நட்டாலும் ஒன்று நட்டது போலத்தான். பக்கத்தில் ஐரோப்பிய வகையை நட்டும் பயனில்லை. அதற்கு 48 குரோமோசோம், இதற்கு 16.

கலிஃபோர்னியாவில் லூதர் பர்பாங்க் 1906-ல் வெளியிட்ட 'சான்டா ரோசா' இதில் ஒரு விதிவிலக்கு. தனியாகவே ஓரளவு காய்க்கும், மற்ற பல ரகங்களுக்கும் மகரந்தம் தரும். ருசியிலும் குறையில்லை. ஆனால் பழம் மென்மையானது, நெடுந்தூர லாரிப் பயணம் தாங்காது. அதனால் கெட்டியான 'ஃப்ரையர்', 'பிளாக் ஆம்பர்' போன்ற கருப்பு ரகங்கள் சந்தையைப் பிடித்தன. இவற்றுக்கோ துணை மரம் வேண்டும்.

இங்கேதான் கணக்கு இடறுகிறது. துணை மரத்தின் பழத்துக்கு விலை குறைவு என்பதால் அதை நஷ்டப் பத்தியில் எழுதுகிறார்கள். உரத்தையும் தண்ணீரையும் யாராவது அப்படி எழுதுவார்களா? பக்கத்து வரிசை காய்ப்பதே அந்த மரத்தால்தான். அதன் வருமானம் அடுத்த மரத்தின் கிளையில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

ரொம்பக் காய்த்துவிட்டால் பிஞ்சுகளைக் கையால் உதிர்க்கக் கூலி கொடுக்க வேண்டுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதிகமாக இருப்பதை உதிர்க்கலாம், இல்லாததை ஒட்டவைக்க முடியாது.

துணை மரம் இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். தேனீயும் பறக்க வேண்டும். குளிர் 13 டிகிரிக்குக் கீழே போனால் அது கூட்டை விட்டுக் கிளம்பவே யோசிக்கும். கிளம்பினாலும் பெரும்பாலும் ஒரே வரிசையிலேயே போய்வரும். எனவே துணை மரங்களைத் தோட்டத்து மூலையில் ஒதுக்கி வைப்பது வீண்.

ஏற்கெனவே ஒற்றை ரகம் நட்டுவிட்டவர்கள், வேறு ரகத்தின் பூங்கிளைகளை வெட்டித் தண்ணீர் வாளியில் வைத்து மரங்களுக்கிடையே நிறுத்துவதுண்டு. அது அந்த ஒரு பருவத்துக்குத்தான். இருக்கும் மரங்களிலேயே துணை ரகக் கிளை ஒன்றை ஒட்டுக்கட்டுவது இன்னும் மலிவு. அந்தக் கிளையின் பழத்தைத் தனியாகப் பறிக்கும் தொல்லை உண்டு, ஆனால் இடம் ஒரு அடிகூடப் போகாது.