குறை கேட்க ஆளில்லாத நிறுவனங்கள்

கொல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாவது செக்டாருக்கு இரண்டு முகங்கள் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு இரவு முழுவதும் கண்விழித்துப் பதில் சொல்லும் கால் சென்டர்களின் முகம் ஒன்று. அந்தப் பணி ஒரு நாளும் தடைபடக் கூடாது என்பதற்காக, இடதுசாரி ஆட்சிக் காலத்திலேயே தகவல் தொழில்நுட்பத் துறை "பொதுப் பயன்பாட்டுச் சேவை"யாக அறிவிக்கப்பட்டது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் பெயரைச் சொல்லி மக்களை ஏமாற்றும் போலி உதவி மையங்களின் முகம் மற்றொன்று. இத்தகைய மையங்கள் பலவற்றில் கொல்கத்தா காவல்துறையும் பிதான்நகர் காவல் ஆணையரகமும் அவ்வப்போது சோதனை நடத்தி, பலரைக் கைது செய்துள்ளன.

மோசடி நடக்கும் விதம் எளிமையானது. கணினித் திரையில் திடீரென ஓர் எச்சரிக்கை தோன்றும். வைரஸ் தாக்கிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று அது அச்சுறுத்தும். அழைத்தவரின் கணினியைத் தொலைவிலிருந்தே தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் "பொறியாளர்", இல்லாத பழுதை நீக்கியதாகக் கூறிப் பணம் பறிப்பார். மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களின் பேரில் 2023 அக்டோபரில் "ஆபரேஷன் சக்ரா-2" என்ற பெயரில் சிபிஐ பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. மேற்கு வங்கமும் தமிழகமும் அப்பட்டியலில் இருந்தன.

குற்றவாளிகளைப் பிடிப்பது காவல்துறையின் கடமை. ஆனால், போலி உதவி மையம் ஏன் இவ்வளவு எளிதாக வெற்றி பெறுகிறது என்ற கேள்விக்குக் கைது நடவடிக்கை மட்டும் விடையாகாது. உண்மையான உதவி மையத்தை எங்கே தேடுவது என்று மக்களுக்குத் தெரியவில்லை என்பதே விடை. கணக்கு முடங்கினாலும், அடையாளம் திருடப்பட்டாலும் கிடைப்பது பெரும்பாலும் தானியங்கிப் பதில்தான். பேசுவதற்கு ஓர் ஆள் கிடைக்காதவர் இணையத்தில் எண்ணைத் தேடுகிறார். அங்கே மோசடிக்காரர் காத்திருக்கிறார். கூகுள் வரைபடத்தில் வங்கிகளின் தொலைபேசி எண்ணை மாற்றிப் போட்டு வாடிக்கையாளர்களை ஏமாற்றியதாக 2018-ல் மகாராஷ்டிரத்தில் புகார்கள் எழுந்தன. வெற்றிடம் இருந்தால் அதை யாரேனும் நிரப்பத்தான் செய்வர்.

இந்த வெற்றிடத்துக்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணம் இன்றி அளிக்கப்படும் சேவையைச் "சேவை" என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்துள்ளது. தேடுபொறி, மின்னஞ்சல், சமூக வலைதளம் என அன்றாடம் பயன்படும் பலவும் இலவசம் என்றே வழங்கப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தும் கோடிக்கணக்கானோர் நுகர்வோர் நீதிமன்றத்தின் படியேறினால், முதலில் தாங்கள் நுகர்வோர்தான் என்பதையே நிரூபிக்க வேண்டும். விளம்பரம் தருபவரே உண்மையான வாடிக்கையாளர். மற்றவர்கள் தங்கள் விருப்பு வெறுப்பு, நட்பு வட்டம், நடமாட்டம் ஆகிய தகவல்களை விலையாகக் கொடுத்தும் அந்தத் தகுதியைப் பெறாதவர்கள்.

தகவலும் விலைதான் என்பதைப் போட்டிச் சட்டத்தின் வழியே இந்தியப் போட்டி ஆணையம் ஓரளவு உணர்த்தியது. வாட்ஸ்அப் நிறுவனம் 2021-ல் தனது தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்ற நிலையில் பயனாளிகளை நிறுத்தியது. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறி, அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 2024 நவம்பரில் ஆணையம் ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகப் பயனாளிகளின் தகவல்களை மெட்டாவின் பிற நிறுவனங்களுடன் பகிர ஐந்து ஆண்டுகள் தடையும் விதித்தது. 2025 நவம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஐந்தாண்டுத் தடையையோ நீக்கியது. பெரு நிறுவனங்களுக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு, தடைதான் வலிக்கும்.

புகார் செய்ய வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனாளிகளைக் கொண்ட சமூக வலைதளங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றன. புகாரை 24 மணி நேரத்தில் பதிவு செய்து 15 நாள்களில் முடிக்க வேண்டும் என்றும் வகுத்தன. முடிவில் திருப்தி இல்லாதவர்களுக்காக மூன்று மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023-ல் அமைக்கப்பட்டன. ஆனால், கணினி அறிவும் ஆங்கில அறிவும் உள்ளவருக்கே இவை எட்டும். போலி எண்ணுக்குச் சேமிப்பைப் பறிகொடுக்கும் முதியவருக்கு இவை இருப்பதே தெரியாது.

2023-ல் நிறைவேறிய எண்ம வடிவத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இக்குறையைப் போக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்து ஆறு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் இது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. பயனாளிகளின் உரிமை தொடர்பான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து மேலும் 18 மாதங்கள் என்று காலம் குறிக்கப்பட்டது. புகாரைத் தீர்க்க நிறுவனங்களுக்கு 90 நாள்கள் வரை அவகாசம். அந்த வழி முடிந்த பிறகே தகவல் பாதுகாப்பு வாரியத்தை அணுக முடியும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ், வங்காளம் உள்பட 22 மொழிகளில் படிக்க வழி செய்த சட்டம், குறையைக் கேட்கும் மொழி எது என்பதைச் சொல்லவில்லை. பொய்ப்புகார் அளித்தால் ரூ.10,000 வரை அபராதம் என்று பயனாளியை எச்சரிக்க மட்டும் மறக்கவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை இழப்பீடு பற்றியது. தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், அத்தொகை முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்கே சேரும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. அலட்சியத்தால் தகவலைக் கசியவிட்ட நிறுவனத்திடம் இழப்பீடு கோர இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் இச்சட்டத்தால் நீக்கப்படுகிறது. இணைய மோசடியில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு ரூ.12.85 லட்சம் வழங்குமாறு தனியார் வங்கி ஒன்றுக்கு 2010-ல் உத்தரவிட்டவர் தமிழகத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். அதே சட்டம் தந்த தீர்ப்பு அலுவலர் என்ற அதிகாரத்தில், சென்னையிலேயே அந்த நீதி கிடைத்தது. புதிய வாரியத்தின் தலைமையகமோ தேசியத் தலைநகர்ப் பகுதியில்.

கோடிக்கணக்கானோருக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது இயலாது என்பது நிறுவனங்களின் வாதம். அதற்கு மறுப்பும் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. கடல் கடந்த வாடிக்கையாளர்களுக்கு இரவு பகலாகப் பதில் சொல்லும் ஆற்றல் அந்நகரத்து இளைஞர்களுக்கு இருக்கும்போது, சொந்த நாட்டவருக்கு வங்காளத்திலும் தமிழிலும் பதில் சொல்ல முடியாதா? சைபர் குற்றங்களுக்கு 1930 என்றும், நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்றும் அரசு எண்களை அறிவித்து ஆள்களை அமர்த்தியிருக்கிறது. அரசால் முடிந்தது, உலகின் செல்வம் மிகுந்த நிறுவனங்களால் முடியாது என்பது நம்பத்தக்கதல்ல. முடியாமை அல்ல, மனமின்மையே காரணம்.

தகவலை விலையாகப் பெறும் சேவை இலவசச் சேவை ஆகாது என்று நுகர்வோர் சட்டம் திருத்தப்பட வேண்டும். 50 லட்சம் பயனாளிகளுக்கு மேல் கொண்ட நிறுவனங்கள், மாநில மொழிகளில் மனிதர் பதில் சொல்லும் உதவி எண்ணைத் தங்கள் செயலியிலேயே காட்ட வேண்டும் எனக் கட்டாயமாக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரும் உரிமை, புதிய சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். மூன்றுக்கும் தேவைப்படுவது நாடாளுமன்றத்தின் மனம் மட்டுமே. அதுவரை, ஐந்தாவது செக்டாரில் ஒரு போலி மையம் மூடப்படும் அன்றே இன்னொன்று வேறு பெயர்ப் பலகையுடன் திறக்கப்படுவதை எந்தக் காவல்துறையாலும் தடுக்க முடியாது.