ஆறாத புண்ணை மறைக்க வேண்டாம்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதை வெளியே சொல்ல நாம் இன்னும் தயங்குகிறோம். நாவூறு படும், பிள்ளைகளின் சம்பந்தம் குழம்பும் என்று பயம். அயலவருக்குச் சொல்லாவிட்டால் பரவாயில்லை. பல் வைத்தியருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பதே எமது கருத்து.

வெற்றிலை பாக்குப் பழக்கமுள்ள எம்மவரிடையே வாய்ப் புற்றுநோய் புதிதல்ல. இதற்குக் கொடுக்கும் ரேடியோதெரபி என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை, நோயை அழிப்பதோடு அவ்விடத்து நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதிக்கின்றது. வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல ஆண்டுகள் சென்றபின்பும் அந்தத் தாடையில் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் போகலாம். எலும்பும் வெளியே தெரியலாம். கதிர்வீச்சுப் பெற்ற மார்பிலும் கழுத்திலும்கூட ஆறாத புண் வருவதுண்டு.

கடுமையான புண்ணுக்கு மருந்து கட்டுவது மட்டும் போதாது. இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் மெல்லிய தோலை ஒட்டினாலும் பிடிப்பது கடினம். எனவே பழுதான பகுதியை அகற்றி, தொடை, முன்கை, முதுகு போன்ற இடத்திலிருந்து தோலையும் தசையையும் இரத்தக் குழாயுடன் எடுத்து, புண்ணுக்கு அருகிலுள்ள நல்ல குழாயுடன் நுணுக்குக்காட்டியின் உதவியோடு தைப்பார்கள். இதுவே 'பிளாப்' சத்திரசிகிச்சை. எங்களுக்கு அருகில், ரூட்டிங் சென் ஜோர்ஜ்ஸ் வைத்தியசாலையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு.

உடம்பின் ஓரிடத்தை வெட்டி இன்னோரிடத்தில் வைப்பதா என்று அஞ்சுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பூனாவில் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் சஞ்சிகையில் வெளிவந்தது. அம்முறையை ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் செய்துகாட்டினார்.

ஆனாலும் இது பல மணி நேரம் எடுக்கும் பெரிய சத்திரசிகிச்சை, எல்லோருக்கும் பொருந்தாது. புகைப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் காயம் ஆறுவது தாமதமாகலாம். ஆகவே வராமல் தடுப்பதே மேல். கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குமுன் பற்களைச் சோதித்து, பழுதானவற்றுக்கு வைத்தியம் செய்யுங்கள். அதன்பின் எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும் எங்கே, எப்போது கதிர்வீச்சுப் பெற்றீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் உடனே காட்டுங்கள்; நோய் திரும்பவும் வந்திருக்கலாம்.

மொழிபெயர்க்க வரும் பிள்ளைகள் 'புற்றுநோய்' என்ற சொல்லைத் தவிர்ப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அது பாசம்தான். ஆனால் அதனால் பெற்றோருக்கு நன்மையில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்கு செய்யும்.