கடலுக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு யார்?

குச்சவெளியில் கடலோரக் காணி பார்க்கப் போனால் தரகர் சொல்லுவார்: “கரையும் உங்களுக்குத்தான்.” அது பொய். வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட கரை இந்த நாட்டில் அரசுக்குரியது. எந்த உறுதியிலும் அதை எழுதிக் கொடுக்க முடியாது. உண்மையில் விலைபோவது கடலுக்கு இறங்கும் ஒழுங்கை. இரு பக்கமும் மதில் எழும்பினால் கரைவலைக்காரன் கயிற்றோடு எந்த வழியால் போவான்? வள்ளத்தை எங்கே ஏற்றுவான்?

2004 சுனாமிக்குப் பிறகு, வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்றார்கள். கடற்றொழிலாளிக்குத் தடை, சுற்றுலா விடுதிக்கு விலக்கு. அலை ஆள் பார்த்தா வரும் என்று அன்று நாம் கேட்டோம். இன்று அதே கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஆகவே வெள்ளைக்காரனைச் சாட்டித் தப்ப முடியாது.

நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் எல்லோருக்கும் பங்குண்டு என்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, அஸருக்கு முன் வேலிக்குக் கம்பி வாங்கப் போவது என்ன மார்க்கம்?

கடலோரத்தில் வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். கையொப்பம் வைக்குமுன் நில அளவைப் படத்தில் ஒழுங்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் காணியிலேயே வண்டில் போகும் அகலம் விடுங்கள். மதிலுக்கு அப்பால் நிற்பவன் உங்கள் அயலவன். மறுமையில் அந்த வழக்கு நொத்தாரிசிடம் போகாது.