ஒருநாள் செய்தி போதாது

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதப் பாதையில் கொடிகாமத்துக்கு அடுத்த நிலையம் மிருசுவில். 2000 டிசம்பர் 19ஆம் திகதி, போரால் இடம்பெயர்ந்திருந்த சிலர், விட்டுவந்த வீடு வளவைப் பார்த்து விறகும் எடுத்து வரலாமென்று அங்கே போனார்கள். இராணுவத்தினர் அவர்களைப் பிடித்தார்கள். எட்டுப் பேர் கொன்று புதைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளை. காயத்தோடு ஒருவர் தப்பி வந்து சொன்னதால்தான் வெளியுலகத்துக்கு அது தெரிய வந்தது.

அதற்குச் சரியாக இரண்டு மாதங்களுக்கு முன், ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்த தன் வீட்டில் வைத்து மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். பிபிசிக்கும் வீரகேசரிக்கும் ராவய பத்திரிகைக்கும் குடாநாட்டிலிருந்து செய்தி அனுப்பியவர் அவர். அந்த மாதம் நடந்த பொதுத் தேர்தலின் முறைகேடுகளையும் எழுதியிருந்தார். அவரைக் கொன்றதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உயிரோடிருந்திருந்தால் மிருசுவிலைப் பற்றி முதலில் எழுதியிருக்கக்கூடியவர்களில் அவரும் ஒருவர்.

சமூகத்தில் ஊடகத்தின் பணிகள் எவை என்று பாடப்புத்தகம் வரிசையாகச் சொல்லித் தருகிறது: தகவல் தரும், அறிவூட்டும், மகிழ்விக்கும். மிருசுவிலும் கொடிகாமமும் அடங்கிய தென்மராட்சியின் வாசகருக்கு இவற்றுக்கெல்லாம் முந்திய பணி ஒன்று இருக்கிறது. நடந்ததை மறக்க விடாமல், அதன் முடிவு தெரியும்வரை கூடவே நிற்பதுதான் அது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அந்தப் பணியைக் கைவிட்டு வருகின்றன என்பது எமது முறைப்பாடு. அதை மீண்டும் கையில் எடுக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

மிருசுவில் வழக்கின் கதையையே பாருங்கள். ஐந்து இராணுவத்தினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தீர்ப்புக்கு வருடங்கள் பதினான்கு கடந்தன. 2015 ஜூன் 25ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் நால்வரை விடுவித்து, மற்றவரான சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நாடு முழுவதும் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் நிலைகுலைந்திருந்த மாதம் அது. 2020 மார்ச் 26ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். கொரோனா ஊரடங்கில் சனம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வாரம் அது. கண்டன அறிக்கைகள் வந்தன, பத்திரிகைகள் அச்சிட்டன, நாலாம் ஐந்தாம் நாளில் கொரோனாக் கணக்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஊடகம் வேறு பக்கம் பார்க்கும் நேரம் எது என்பது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய தலைமுறையின் தைரியத்தில் எமக்கு ஐயமில்லை. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த மண் இது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த நெருப்பு ஈழநாடு பத்திரிகைப் பணிமனையையும் எரித்தது. ஈழநாடு திரும்பவும் வந்தது. 2006 மே 2ஆம் திகதி உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் துப்பாக்கிதாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றபோது, உலக ஊடக சுதந்திர தினத்துக்கான யுனெஸ்கோ மாநாடு கொழும்பில் நடந்துகொண்டிருந்தது. அதே வருடம் ஓகஸ்டில் குடாநாட்டுக்கான முகமாலைப் பாதை பூட்டப்பட்டு அச்சுத்தாள் கிடைக்காமல் போனபோது, பக்கங்களைக் குறைத்தாவது பத்திரிகை வந்தது. வாசகர்களும் அதற்கு ஈடு கொடுத்தார்கள். மின்சாரமும் பற்றறியும் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் ரைனமோவைச் சுற்றிச் சுற்றித் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்ட சனம் இது. செய்திக்காக இவ்வளவு பாடுபட்ட மக்களுக்கு இன்று கிடைப்பது என்ன?

விபத்து, வாள்வெட்டு, கசிப்பு, அரசியல்வாதியின் அறிக்கை, அதற்கு இன்னொருவரின் மறுப்பு அறிக்கை. ஒவ்வொன்றும் ஒருநாள் வாழும். கைதானவர் என்ன ஆனார், வழக்கு எங்கே நிற்கிறது, உடைந்த பாலத்தைக் கட்டுவேன் என்றவர் கட்டினாரா என்று திரும்பிப் போய்க் கேட்பவர்கள் மிகச் சிலர்.

மரண அறிவித்தல் பக்கத்தைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். அதில் எமக்கு உடன்பாடில்லை. கொடிகாமத்தைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று ஒரு வரி வந்தால், சிதறிப்போன ஒரு குடும்பம் அன்று ஒன்று சேர்கிறது. யாருடைய மகள், யாருடைய மருமகன், எந்த வளவு என்று ஊர் தன்னை அடையாளம் காண்கிறது. ஊடகம் ஆற்றும் பெரிய சமூகப் பணிகளில் அதுவும் ஒன்று. முப்பத்தோராம் நாள், ஓராண்டு, பத்தாண்டு என்று நினைவஞ்சலிகள் தவறாமல் வருவதையும் கவனியுங்கள். குடும்பத்தின் நினைவுக்குக் குடும்பம் பணம் கட்டுகிறது. மிருசுவிலின் எட்டுப் பேருக்கும் நிமலராஜனுக்கும் என்ன நடந்தது என்ற பொது நினைவுக்கு யார் பணம் கட்டுவது? அந்தச் செலவைப் பத்திரிகைதான் ஏற்க வேண்டும். ஏற்க மறுத்தால் அது பத்திரிகை என்ற பெயருக்கே உரியதல்ல.

வருமானம் இல்லை என்பது முதலாளிகள் சொல்லும் பதில். அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் தாள் கிடைக்காமல் கொழும்பின் பெரிய நாளிதழ்கள் சிலகூட அச்சை நிறுத்தி வைத்தன. ஆனால் பணத்தட்டுப்பாட்டின் சுமையை முதலில் சுமப்பவர் யார்? ஊரில் நின்று செய்தி அனுப்பும் பிராந்தியச் செய்தியாளர்தான். அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பதே பல இடங்களில் வழக்கம். அப்படிச் சம்பளம் வாங்குபவர் ஒரு வழக்கின் பின்னால் ஆறு மாதம் அலைவாரா? அலைந்தால் அந்த ஆறு மாதமும் அவருடைய வீட்டு உலை எப்படி எரியும்? நாளுக்கு மூன்று விபத்துச் செய்தி அனுப்புவதே அவருக்குக் கட்டுப்படியாகும். குற்றம் அவருடையதல்ல.

வெற்றிடத்தை யூரியூப்காரர் நிரப்புகிறார்கள். கைத்தொலைபேசியோடு ஒரு வறிய வீட்டுக்குள் நுழைந்து, அந்தப் பெண்ணின் கண்ணீரையும் பிள்ளைகளின் முகத்தையும் படமெடுத்து, உதவி என்ற பெயரில் வெளிநாட்டுக்கு விற்கும் வியாபாரம் குடாநாட்டில் பெருகியிருக்கிறது. நேர்மையாக உதவுகிறவர்களும் உண்டு. ஆயினும் அந்தக் குடும்பம் ஏன் அந்த நிலைக்கு வந்தது, நுண்கடனா, காணாமல் ஆக்கப்பட்ட கணவனா, பறிபோன காணியா என்று எவரும் கேட்பதில்லை. படம் ஓடி முடிந்ததும் கமரா அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் முகம் மட்டும் இணையத்தில் காலமெல்லாம் கிடக்கிறது. இதற்குத் தீர்வாக, இணையப் பொய்களை அடக்கவென்று 2024இல் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் காட்டாதீர்கள். ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு எது பொய் என்று தீர்மானிக்கும் ஏற்பாடு, நாளைக்கு நிமலராஜன்களின் மீதே பாயும். பொய்க்கு மருந்து, ஊரில் சம்பளத்தோடு நிற்கும் ஒரு செய்தியாளர்.

அப்படி நிற்கும் செய்தியாளர் என்ன செய்யலாம் என்பதற்குச் சந்தையை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் கொடிகாமம்தான் பெயர்பெற்றது. 2025இல் தேங்காய் விலை எகிறியபோது எல்லாப் பத்திரிகைகளும் விலையைப் போட்டன. வெள்ளை ஈ தென்னையைப் பிடித்ததும் செய்தியானது. மருந்தடிப்பு எத்தனை வளவுக்கு வந்தது, வந்தபின் காய்ப்பு திரும்பியதா, தோட்டக்காரர் விற்ற விலைக்கும் சமையலறை வாங்கிய விலைக்கும் இடையிலான காசு யாரிடம் போனது என்ற கேள்விகளுக்கு ஒரு செய்தியாளர் சந்தையிலேயே மாதக்கணக்கில் நிற்க வேண்டும். சந்தைக் குத்தகையால் சாவகச்சேரி பிரதேச சபைக்கு வருவது எவ்வளவு, சந்தைக்கே திரும்பச் செலவானது எவ்வளவு என்பதைக் கேட்க அவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பத்துக்குத் தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். செலவு ஒரு கடிதம். அதை எழுதும் பழக்கம்தான் எமது செய்தி அறைகளில் போதாது.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது கமராக்கள் நாள்தோறும் அங்கே நின்றன. நல்லது. 1999இலும் செம்மணியில் தோண்டினார்கள், அப்போதும் கமராக்கள் வந்தன. பிறகு வருடங்கள் போயின. இம்முறை ஆய்வுகூட அறிக்கை வரும் நாளிலும், நீதிமன்றத் தவணை பிற்போடப்படும் நாளிலும், பார்க்க ஒன்றுமில்லாத நாளிலும் ஒரு செய்தியாளர் அங்கே நின்றாக வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் ஒவ்வொரு பிரதேசத்திலும் மாதச் சம்பளத்தில் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு முழுப் பக்கத்தைப் பழைய செய்திகளின் இன்றைய நிலைக்கு ஒதுக்க வேண்டும். விளம்பரம் வந்தாலும் அந்தப் பக்கத்தை விற்கக் கூடாது. புலம்பெயர்ந்த வாசகர்கள் கண்ணீர்க் காணொளிக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைப் பத்திரிகைச் சந்தாவாக அனுப்பட்டும்.

அந்த மாதப் பக்கங்களில் முதலாவது மிருசுவிலிலிருந்து தொடங்கட்டும். மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்பு வழங்குமுன் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையும், சட்டமா அதிபரின் ஆலோசனையும், நீதி அமைச்சரின் பரிந்துரையும் ஜனாதிபதிக்கு வர வேண்டும் என்று அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை சொல்கிறது. 2020 மார்ச்சில் அந்த மூன்றும் என்ன சொல்லின? தகவல் அறியும் விண்ணப்பத்தை இந்த மாதமே அனுப்புங்கள். பதில் வந்தால் அதையும், வராவிட்டால் வரவில்லை என்பதையும் அச்சிடுங்கள், அடுத்த மாதமும் அச்சிடுங்கள்.