போவ மாட்டேன் என்கிற புள்ள

மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிச் சேர்த்தாக வேண்டும். அப்பனும் ஆத்தாளும் பாத்தியில் நிற்கிற நேரத்தில் சேரிப் புள்ளைங்க வீட்டில் தனியாகக் கிடக்கிறார்கள்.

"எம்மா, அவுங்க வூட்டுக்கு நான் போவ மாட்டேன்" என்கிறது ஒரு புள்ள. ஏனென்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. "முன்பணம் வாங்கித் தின்னுட்டு வாய் பேசாதடி, போய்ட்டு வா" என்கிறாள் தாய். கடன்பட்டவளைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் புள்ளையின் மனசுக்குப் பட்டதை அன்றைக்கு நாம் மிதித்துவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' சொல்லித் தருகிறார்கள். தரட்டும். வேண்டாம்னு சொல்லு, ஓடு, பெரியவங்ககிட்டச் சொல்லு. யாரிடம் வேண்டாம் என்பது? நிமிர்ந்து பேசினாலே திமிர் என்கிற ஊரில், கூப்பிட்ட குரலுக்கு ஓடத்தானே தலைமுறையாகப் பழக்கியிருக்கிறோம்! நாம் குடித்த குவளையைத் தொட்டால் தீட்டு என்பவனுக்கு, நம் புள்ளையின் உடம்பைத் தொடும்போது மட்டும் தீட்டு ஒட்டுவதில்லை.

தொடுகிறவன் எல்லாம் ஊர்த்தெருக்காரனா? இல்லை தோழர்களே. மாமன், சித்தப்பன், கொடி பிடித்துக் கூட வருகிறவன் என்று நம் தெருவிலும் இருக்கிறான். 2007 இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். நம்மாளு என்றால் பஞ்சாயத்து வைத்துக் காசு வாங்கிக் கொடுத்து முடிக்கிறோம். கேட்டால் சேரி மானம் போயிடுமாம். சேரியின் மானத்தைப் புள்ளையின் உடம்பில் கொண்டுபோய் வைத்தது யார்?

கேரளத்து வாளையாறில் 2017 சனவரியில் கூலிக்காரத் தலித் குடும்பத்தின் 13 வயதுச் சிறுமி தூக்கில் கிடந்தாள். முகத்தை மூடிய இருவர் அன்றைக்கு வீட்டிலிருந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னாள் 9 வயதுத் தங்கை. மார்ச்சில் அவளும் அதே குடிசையில் தூக்கில். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2019 இல் விடுதலை. 2021 இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 இல் சி.பி.ஐ. பெற்றோரையே குற்றப்பத்திரிகையில் சேர்த்தது.

2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராதது குற்றம். வாய் திறக்காத குழந்தைக்குத் தண்டனை கிடையாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் எடுக்க வேண்டும். இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. செய்தவன் தலித் அல்லாத சாதிக்காரன் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

மாலை வகுப்பு எடுக்கும் மாணவத் தோழர்கள் பாடத்தைப் புள்ளைங்களிடம் தொடங்க வேண்டாம். மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும் மாதங்களில் தாய்மாரோடு உட்காருங்கள். புள்ள போவ மாட்டேன்னா ஏன்னு அப்புறம் கேக்கலாம், மொதல்ல அனுப்பாதீங்க என்று சொல்லுங்கள். முன்பணம் கொடுத்தவன் வந்து கேட்டால், பதில் சொல்ல நாம் போவோம்.